இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன்: டெல்டாவில் கார் வைத்திருப்பவர் வாங்கலாமா?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலோ காரைக்காலிலோ பெட்ரோல் கார், டீசல் கார் வைத்திருப்பவர், தண்ணீர் புகுந்து இன்ஜின் கெடுவதற்காகக் கார் இன்ஷூரன்ஸோடு கூடுதலாக எடுக்கும் இந்த ஆட்-ஆனை வாங்கத்தான் வேண்டும். அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் கிளைம் கிடைக்குமா என்பதில் பாதிதான் பாலிசித் தாளில் இருக்கிறது. கார் தண்ணீரில் அணைந்து நின்ற முதல் அரை நிமிடத்தில் ஓட்டுபவர் என்ன செய்கிறார், அதற்கடுத்த இரண்டு நாளில் ஒர்க்‌ஷாப் என்ன செய்கிறது என்பதில் மீதிப் பாதி இருக்கிறது. விற்கும் ஏஜென்ட் முதல் பாதியைச் சொல்வார். இரண்டாவது பாதியைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

இந்த ஆட்-ஆன் ஏன் தனியாக விற்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியின் ஓன் டேமேஜ் (சொந்தக் காருக்கான சேதம்) பகுதியில் வெள்ளம், புயல், சூறாவளி, நீர்சூழ்தல் எல்லாமே இருக்கின்றன. வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த காருக்குள் வெள்ளம் ஏறினால் சீட், கார்பெட், ஒயரிங், இன்ஜினைச் சுத்தம் செய்யும் செலவு ஆகியவற்றுக்கு அந்தப் பாலிசியிலேயே வழி உண்டு. அதே பாலிசியில்தான் ‘தொடர் விளைவாக வரும் இழப்பு’, ‘இயந்திரக் கோளாறு’ இரண்டும் விலக்கப்பட்டிருக்கின்றன. பழுதான வண்டியைச் சரிசெய்யாமல் ஓட்டி, அதனால் சேதம் கூடினால் அது உரிமையாளர் பொறுப்பு என்று ஒரு நிபந்தனையும் உண்டு. தேங்கிய தண்ணீரில் கார் அணைந்து போகிறது, திரும்ப ஸ்டார்ட் செய்கிறார்கள், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைகிறது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் வாதம் இதுதான்: ராடை வளைத்தது வெள்ளமல்ல, ஸ்டார்ட் செய்தது. அந்த இடைவெளியை அடைக்க வந்ததே இன்ஜின் ப்ரொடெக்ட்.

பம்பர்-டு-பம்பர் எடுத்திருக்கிறேனே, அது போதாதா என்று கேட்பவர்கள் அதிகம். போதாது. ஜீரோ டெப் என்றும் சொல்லப்படும் அது பாகங்களின் தேய்மானக் கழிவை நீக்கும், அவ்வளவுதான். விலக்கப்பட்ட ஒரு சேதத்தை அது உள்ளே கொண்டுவராது.

இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர்

இன்ஜின் காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. எவ்வளவு தண்ணீர் போனால் ஆபத்து என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 1200 சி.சி., 4 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 300 சி.சி. கம்ப்ரஷன் விகிதம் 11 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 30 மில்லி. அதாவது இரண்டு மேசைக்கரண்டி. டீசலில் இன்னும் குறைவு. 1248 சி.சி. இன்ஜினில் விகிதம் 17.6 என்றால் மிஞ்சும் இடம் 19 மில்லிதான். அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் உச்சிக்குப் போக முடியாது. ஓடும் வேகத்தில் கிராங்க் என்ற சுழலும் தண்டு கீழிருந்து தள்ளிக்கொண்டே இருக்க, நடுவில் இருக்கும் கனெக்டிங் ராடு வளைகிறது, அல்லது முறிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. இதைத்தான் ஹைட்ரோ லாக் என்கிறார்கள்.

2000 ஆர்.பி.எம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 1000 முறை காற்றை இழுக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயில் ஒரு நொடி தண்ணீர் பட்டாலே கதை முடிந்துவிடலாம். பல கார்களில் அந்த வாய் முன்பக்கம், கிரில்லுக்கும் ஹெட்லைட்டுக்கும் பின்னால் இருக்கிறது. நின்ற தண்ணீர் அந்த உயரத்தை எட்ட வேண்டியதே இல்லை. நம் கார் தள்ளும் அலையோ, எதிரே வேகம் குறைக்காமல் வரும் பேருந்து கிளப்பும் அலையோ போதும். டெல்டாவில் தரைப்பாலங்களைவிட ரயில்வே கீழ்ப்பாலங்கள் மோசம். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். கீழ்ப்பாலத்தில் தண்ணீர் அசையாமல் நிற்பதால் ஆழமே தெரியாது. நுழைவில் முழங்காலுக்குக் கீழே இருப்பது நடுவில் இடுப்பளவு ஆகிவிடும்.

165/80, 14 அங்குல டயரின் முழு உயரம் ஏறத்தாழ 62 செ.மீ. அதில் பாதி, 31 செ.மீ., சாதாரண ஹேட்ச்பேக்குக்கு எல்லை என்று வைத்துக்கொள்ளலாம். தயாரிக்கும் நிறுவனமே 650 மி.மீ. நீராழம் தாண்டும் என்று சொல்லும் மஹிந்திரா தார் போன்ற வண்டிகளின் கணக்கு வேறு. அந்த 650-ம் மெதுவாகப் போவதற்குத்தான், அலை கிளப்பிக்கொண்டு போவதற்கல்ல.

எது உள்ளே, எது வெளியே

பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட், வால்வு, பிளாக் ஆகிய உள்பாகங்கள் பெரும்பாலான நிறுவனங்களின் ஆட்-ஆனில் உண்டு. கியர்பாக்ஸ் உள்பாகங்களும் பலவற்றில் உண்டு. கல்லோ மதகுக் கட்டையோ இடித்து, இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் சம்ப் உடைந்து, ஆயில் ஒழுகி இன்ஜின் பிடித்துக்கொண்டால் அதுவும் இதில் வரும். ஆனால் அடியில் இடித்த தடயம் தெரிய வேண்டும். டர்போ, டிஃபரன்ஷியல், ஏ.சி. கம்ப்ரசர், ஆல்டர்னேட்டர் விஷயத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் வாசகம் மாறும். பிரசுரத்தைப் பார்க்க வேண்டாம். பாலிசி வாசகத்தையே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

வாங்குமுன் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு சிலவும் உண்டு. வருடத்துக்கு எத்தனை கிளைம் அனுமதி? இந்த ஆட்-ஆனுக்கென்று தனிக் கழிவுத்தொகை (கிளைமில் நம் கையிலிருந்து போகும் பங்கு) உண்டா? தண்ணீரில் நின்ற வண்டியை எத்தனை நாளுக்குள் தகவல் சொல்லி எடுக்க வேண்டும்? அந்த இடத்தில் தண்ணீர் தேங்கியதற்கு என்ன ஆதாரம் வேண்டும்? கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யக்கூடாது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது போன்ற மழைக்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை, ஊரே சாட்சி. ஆனால் வாய்க்கால் உடைந்து ஒரு கிராமச் சாலையில் மட்டும் தண்ணீர் நின்றால் படம்தான் சாட்சி.

ஆட்-ஆனை மட்டும் தனியாக வாங்கினால் கைக்காசு எவ்வளவு போகும் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. மூன்றரை வருடக் கார், 1500 சி.சிக்குள். பில் 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: உலோகப் பாகங்கள் 80,000, ரப்பர்-பிளாஸ்டிக் 10,000, ஆயில், கூலன்ட், ஃபில்டர் முதலியவை 8,000, கூலி 22,000. மூன்றிலிருந்து நான்கு வயதுக் காருக்கு உலோகத்தில் 25 சதவீதத் தேய்மானம் கழியும், அது 20,000. ரப்பர்-பிளாஸ்டிக்கில் 50 சதவீதம், அது 5,000. ஆயில் வகையறா 8,000-ம் உங்கள் தலையில். கட்டாயக் கழிவு 1,000. ஆக 34,000 ரூபாய் கையிலிருந்து போகும். ஜீரோ டெப்பும் சேர்ந்திருந்தால் இது 9,000 ஆகும். ஆயில் வகையறாவுக்கான கன்ஸ்யூமபிள்ஸ் ஆட்-ஆனும் இருந்தால் 1,000. அதனால் இந்த மூன்றையும் ஒரே தொகுப்பாகப் பாருங்கள். இன்ஜின் ப்ரொடெக்டை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விடுவது அரைகுறைச் சிக்கனம். ஆட்-ஆன் பிரீமியம் காரின் ஐ.டி.வி. (பாலிசியில் குறித்திருக்கும் காரின் மதிப்பு), வயது, மாடலைப் பொறுத்தது. ஒரு ஹாஃப் இன்ஜின் (பிளாக், கிராங்க், பிஸ்டன் சேர்ந்த கீழ்ப்பாதி) மாற்றும் பில்லோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகைதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பருக்குப் பின் வாங்கிய புதுக் கார்களுக்கு மூன்று வருட இன்ஷூரன்ஸ் என்று சொல்லித் தருவது மூன்றாம் நபர் பாதுகாப்பு மட்டுமே. ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். அது முடிந்தால் அதோடு ஒட்டியிருக்கும் எல்லா ஆட்-ஆனும் முடிந்துவிடும். இரண்டாம் வருட ஐப்பசியில் தாளை எடுத்துப் பார்த்தால், ‘2027 வரை’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி இருந்தவர்களுக்குத்தான் அதிர்ச்சி. புயல் சின்னம் உருவான பிறகு ஆட்-ஆன் சேர்க்கவும் முடியாது. பொதுவாகப் புதுப்பிக்கும் நேரத்தில்தான் சேர்ப்பார்கள். வெளியே சி.என்.ஜி. கிட் மாட்டியவர்கள் அதை ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்றியிருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

கிளைமைக் கெடுப்பது எது

தண்ணீருக்குள் கார் அணைந்துவிட்டால் சாவியைத் திருப்பக்கூடாது, பட்டனை அழுத்தக்கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைப்பேன் என்பவர் இதை வைக்கலாம். ஒரு சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது செல்ஃப் அடித்தால், பக்கத்து சிலிண்டர் எரிந்து கிராங்கைத் தள்ளும். அப்போதுதான் பெரும்பாலும் ராடு வளைகிறது. முதல் முறை அணைந்தபோது வெறும் தண்ணீர் புகுந்த இன்ஜின், மூன்றாவது செல்ஃபில் உடைந்த இன்ஜினாகிறது. ஊர்க்காரர்கள் உதவிக்கு வந்து இரண்டாம் கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அதே நாசம். ஐடில் ஸ்டாப் (கார் நின்றால் இன்ஜினைத் தானாக அணைக்கும் வசதி) உள்ள கார்களில் தண்ணீருக்குள் இறங்குமுன்பே அதை ஆஃப் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கிளட்சை மிதித்தவுடன் கார் தானாகச் செல்ஃப் அடிக்கும். ஹைப்ரிட் காரில் இன்ஜின் எப்போது ஓடும் என்பதைக் காரே தீர்மானிக்கிறது, அதனால் முழுவதும் ஆஃப் செய்துவிடுவதே சரி.

அணைந்தவுடன் இக்னிஷன் ஆஃப், நியூட்ரல், ஆட்களை வைத்துக் கைத்தள்ளலாக மேட்டுக்கு. முடிந்தால் பேட்டரி நெகட்டிவ் கழற்றுங்கள். தண்ணீர் டயரில் எதுவரை நின்றது என்பது தெரியும்படி நாலு பக்கமும் படம், இடம் தெரியும்படி ஒரு வீடியோ. அங்கிருந்தே நிறுவனத்தின் எண்ணுக்குத் தகவல், கிளைம் எண், பிறகு காரை மேலே ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் வண்டி. கயிறு கட்டி இழுக்கும்போது யாராவது கியரில் போட்டுவிட்டால் சக்கரமே இன்ஜினைச் சுற்றிவிடும். ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் எத்தனை கிலோமீட்டர் இலவசம் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஒர்க்‌ஷாப்புக்கு வருவதற்குள் பல பாலிசிகளின் வரம்பு தாண்டிவிடும்.

இந்தத் தயாரிப்பின் பெரிய குறை இனிமேல்தான் வருகிறது. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் முன் இன்ஜினைப் பிரிக்கக்கூடாது. பிரித்தால் ஆதாரம் போய்விடும் என்பது நியாயமான விதிதான். ஆனால் தண்ணீர் புகுந்த சிலிண்டர் சுவர் ஒன்றிரண்டு நாளில் துருப்பிடிக்கத் தொடங்கும், ரிங் ஒட்டிக்கொள்ளும். மாவட்டமே தண்ணீரில் இருக்கும் வாரத்தில் சர்வேயர் நினைத்த நேரத்துக்கு வர முடியாது, ஒர்க்‌ஷாப்பிலும் வரிசை நிற்கும். ஒரு நகரத்தில் ஒரு தெரு மூழ்குவதை மனத்தில் வைத்து எழுதிய நடைமுறை இது. டெல்டா மூழ்கும் விதத்துக்கு இது பொருந்தவில்லை. சேதம் கூடாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளர் கடமை என்று பாலிசியே சொல்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘இன்ஜினைப் பிரிக்காமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றி, ஆயில் தெளித்து வைக்க அனுமதி வேண்டும்.’ பதில் வந்ததும், ஒவ்வொரு படியையும் வீடியோ எடுத்துக்கொண்டே செய்யச் சொல்லுங்கள்.

அந்த வேலையின் வரிசை இது. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் படம். நனைந்த ஃபில்டரே முதல் ஆதாரம், தூக்கிப் போடக்கூடாது. டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருக்கிறதா, பால் ஊற்றிய டீ நிறத்துக்கு மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாறியிருந்தால் சம்ப்பில் தண்ணீர். பெட்ரோலில் ஸ்பார்க் பிளக், டீசலில் குளோ பிளக் அல்லது இன்ஜெக்டர், எல்லாச் சிலிண்டரிலும் கழற்ற வேண்டும். கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று. தடங்கலில்லாமல் சுற்றினால்தான் அடுத்தது செல்ஃபில் சுற்றித் தண்ணீரைக் கக்க வைப்பது. பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, மறுபடி கையால் சுற்றி மூடி வைக்க வேண்டும். டர்போ டீசலில் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்க்காமல் யாராவது ஸ்டார்ட் செய்தால் அந்த மெக்கானிக்கை மாற்றுங்கள். இன்டர்கூலர் தாழ்வாக இருக்கும், அதில் தேங்கும் தண்ணீர் சாவகாசமாக இன்ஜினுக்குள் போய் இரண்டாவது ஹைட்ரோ லாக்கை உண்டாக்கும்.

நம் பக்கத்துத் தண்ணீரில் வேறு சில வில்லங்கங்களும் சேர்ந்து வரும். குறுவை அறுத்த வயலிலிருந்து மிதந்து வரும் வைக்கோலும் ஆகாயத்தாமரையும் ரேடியேட்டர் முகத்தை அடைத்துக்கொள்ளும். தப்பித்து வந்த கார் மறுநாள் சூடேறி நிற்பது இதனால்தான். வண்டல் ஆல்டர்னேட்டரிலும் வீல் பேரிங்கிலும் பிரேக் டிரம்மிலும் படிந்து காய்ந்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் முகத்துவாரத் தண்ணீர் கலந்திருந்தால் உப்பு. அதை நல்ல தண்ணீரில் கழுவாமல் காயவிட்டால் ஒயர் கனெக்டர்கள் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பச்சை பூத்துச் சாகும். இவற்றுக்குப் பெரும்பாலும் இன்ஜின் ப்ரொடெக்ட் பதில் சொல்லாது. அடிப்படைப் பாலிசியில் அன்றே பட்டியலில் ஏற்ற வேண்டியவை இவை.

ஓடுகிறதே என்று வாங்கி வரக்கூடாது

கிளைமில் பணம் மிச்சம் பிடிக்க எல்லோருக்கும் ஆசை. தண்ணீரை எடுத்தாயிற்று, ஆயில் இரண்டு முறை மாற்றியாயிற்று, இன்ஜின் ஓடுகிறது, ஃபைலை மூடலாம் என்பார்கள். ஒரு மில்லிமீட்டர் வளைந்த ராடோடும் இன்ஜின் ஓடும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். 80 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள பெட்ரோல் இன்ஜினில் ராடு 1 மி.மீ. குட்டையானால் கம்ப்ரஷன் விகிதம் 11-லிருந்து சுமார் 10-க்கு இறங்கும். 17 விகித டீசலில் அதே 1 மி.மீ., விகிதத்தை 14-க்குக் கொண்டுவந்துவிடும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஆகவே கம்ப்ரஷன் டெஸ்ட் எல்லாச் சிலிண்டருக்கும் எடுத்து, எண்களைத் தாளில் வாங்குங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 10 சதவீதம் குறைந்தாலே பிளக் துளை வழியாகப் பிஸ்டன் உச்சி உயரத்தை அளந்து ஒப்பிட வேண்டும். வளைந்த ராடு பக்கவாட்டில் சிலிண்டர் சுவரைத் தேய்க்கும், கீழே இறங்கும்போது பிஸ்டன் விளிம்பு கிராங்க் எடையில் தட்டலாம். அது சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து உடைந்தால், பழைய வெள்ளத்தோடு அதை முடிச்சுப் போட்டுக் கிளைம் வாங்குவது மிகக் கடினம். டெலிவரி எடுக்கும் முன் அளந்த தாள் கையில் இருப்பதுதான் அப்போது பேசும்.

ராடு வளைந்தது உறுதியானால் வளைந்த ஒன்றை மட்டும் மாற்றுவதா, ஹாஃப் இன்ஜின் போடுவதா என்பது சர்வேயருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் இடையில் இழுபறியாகும். போர் (சிலிண்டரின் உட்சுவர்) கீறியிருந்தால், கிராங்கின் கோணல் அளவு தாண்டியிருந்தால், ஹாஃப் இன்ஜினைக் கேளுங்கள். அளவுகள் சரியாக இருந்தால் ராடு, பிஸ்டன், பேரிங் மாற்றுவது போதும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. மொத்தப் பில் ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். பழைய காரில் இது சீக்கிரம் வந்துவிடும்.

யாருக்கு வேண்டாம்

மின்சாரக் காருக்கு இது தேவையில்லை. அதில் இழுக்கக் காற்றுமில்லை, அமுக்கப் பிஸ்டனுமில்லை. அதற்குப் பேட்டரி பாதுகாப்பு என்று வேறு ஆட்-ஆன் உண்டு. பத்து வயது தாண்டிய காருக்குப் பெரும்பாலும் கொடுக்கவே மாட்டார்கள். ஐந்து வயதுக்கு மேல் பல நிறுவனங்கள் நிறுத்திவிடும். அந்த வயதுக் கார் வைத்திருப்பவர்கள் பாலிசி மாற்றும்போது எந்த நிறுவனம் எத்தனை வயது வரை தருகிறது என்பதை முதல் கேள்வியாகவும் பிரீமியத்தை இரண்டாவது கேள்வியாகவும் வைத்துக்கொள்ளலாம். கிளைம் எடுத்தால் நோ கிளைம் போனஸ் (கிளைம் இல்லாத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) போகும் என்பதையும் கணக்கில் சேருங்கள். 50 சதவீதத்தில் இருப்பவர், ஆயில் மாற்றத்தோடு முடிந்துவிட்ட சின்ன வேலைக்காகக் கிளைம் போட்டால் நஷ்டம்தான்.

மறுப்புக் கடிதம் வந்தால் அதில் எந்த விதி எண்ணைக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘தொடர் விளைவு’ என்று மட்டும் எழுதியிருந்து, உங்களிடம் இன்ஜின் ப்ரொடெக்ட் இருந்தால், அந்தக் கடிதத்துக்கு வலு குறைவு. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ ஒரு வருடத்துக்குள் இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் நடுவரான இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம். தமிழ்நாட்டுக்கு மட்டுமல்ல, காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம்தான். மனுவோடு கம்ப்ரஷன் தாள், நனைந்த ஃபில்டர் படம், தண்ணீர் எடுக்க அனுமதி கேட்ட மின்னஞ்சல் மூன்றையும் இணைத்து அனுப்புங்கள்.